பொருள் சேர்ந்தால் மனம் நிறையுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பில் செல்வத்தைப் பற்றிய பகுதி வந்தால் போதும், வகுப்பு முடிந்த பிறகும் இரண்டு மூன்று பேர் எழாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. சிலர் சந்தேகமாகக் கேட்பார்கள், சிலர் கோபமாக. அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். பதில்களில் பாதி அங்கேயே சொன்னவை. மீதி, அப்போது வாயில் வராமல் வீட்டுக்குப் போகும் வழியில் தோன்றியவை. வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

1. புதுப் பொருள் வாங்கினால் சந்தோஷம் வரத்தான் செய்கிறது. வராது என்று ஏன் சொல்கிறீர்கள்?

வராது என்று நான் சொல்லவில்லை. வேதமும் சொல்லவில்லை. பழைய ஏற்பாட்டில் தன் பெயரிலேயே ஒரு புத்தகம் உள்ள பிரசங்கி வீடுகள் கட்டினார், திராட்சத்தோட்டங்கள் போட்டார், குளங்கள் வெட்டினார், வெள்ளியும் பொன்னும் சேர்த்தார், பாட்டுக்காரரை வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, "நான் செய்த முயற்சிகளிலெல்லாம் என் மனம் மகிழ்ச்சிகொண்டிருந்தது" என்று ஒளிக்காமல் எழுதுகிறார் (பிரசங்கி 2:10). அடுத்த வசனத்தில்தான் கணக்கு மாறுகிறது: எல்லாம் மாயை என்கிறார்.

புது ஃபோன் வாங்கிய அன்று திரையில் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை உரிக்க மனம் வராது. மேசையில் வைப்பதற்கு முன் மேசையைத் துடைப்போம். முதல் கீறல் விழும்போது நெஞ்சு திக்கென்கும். பத்தாவது கீறல் எப்போது விழுந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஃபோன் அதேதான், வேலையும் முன்போலவே செய்கிறது. அதைப் பார்த்தால் வந்த சந்தோஷம் எந்தத் தேதியில் போனது என்றுகூடச் சொல்ல முடியவில்லை. நான் பேசுவது அந்தத் தேதியைப் பற்றித்தான்.

2. சரி, அது ஏன் நிலைக்க மாட்டேன் என்கிறது?

ஒன்று, பழகிப்போவது. கெட்டதற்குப் பழகுவதுபோல் மனம் நல்லதற்கும் பழகிவிடும். பிலிப் பிரிக்மன், டொனால்ட் கேம்ப்பெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1971-ல் இதை டிரெட்மில்லோடு ஒப்பிட்டார்கள்: கால் ஓடிக்கொண்டிருக்கும், ஆள் நின்ற இடத்திலேயே இருப்பான். இன்னொன்று, ஒப்பிடுவது. நேற்றுவரை போதுமாக இருந்த வீடு, நண்பரின் புது வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் சின்னதாகத் தெரிகிறது. சுவர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பத்துக் கட்டளைகளில் கடைசியானது இங்கேதான் கை வைக்கிறது: "பிறனுடைய வீட்டை இச்சியாதிருப்பாயாக" (யாத்திராகமம் 20:17). கொலை, களவு எல்லாம் வெளியே தெரியும் செயல்கள். இது கண் போகும் திசையைப் பற்றிய கட்டளை. அப்புறம் காவல் காக்கும் பாடு. வேலை செய்கிறவன் கொஞ்சம் சாப்பிட்டாலும் நன்றாகத் தூங்குவான், "செல்வனுடைய பெருக்கோ அவனைத் தூங்கவொட்டாது" என்கிறார் பிரசங்கி (5:12).

இவ்வளவையும் கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் சொல்லலாம். வேதம் இன்னும் கீழே இறங்கிப் பார்க்கிறது. பிரசங்கி 3:11-ல் தேவன் "உலகத்தையும் அவர்கள் உள்ளத்திலே வைத்திருக்கிறார்" என்று படிக்கிறோம். 'உலகம்' என்று வந்திருக்கும் இடத்தில் எபிரெயத்தில் இருப்பது 'ஓலாம்'. முதலும் முடிவும் கண்ணுக்கு எட்டாத காலத்தை, நித்தியத்தைக் குறிக்கும் சொல் அது. பல புதிய மொழிபெயர்ப்புகள் அந்தப் பொருளில்தான் எழுதுகின்றன. உள்ளத்தில் அவ்வளவு ஆழமான இடம் வெட்டியிருக்கும்போது தேய்ந்துபோகிற பொருளால் அதைத் தூர்க்கப் பார்க்கிறோம். ஆதித் திருச்சபையின் ஆயர் அகுஸ்தீன் இதை ஒரு ஜெபமாகச் சொன்னார்: எங்களை உமக்கென்று படைத்தீர், உம்மில் இளைப்பாறும்வரை எங்கள் இருதயத்துக்கு அமைதியில்லை. எழுதி 1,600 ஆண்டுகளுக்கு மேலாகிறது. படிக்கிற ஒவ்வொருவருக்கும் தன்னைப் பற்றி எழுதியதுபோலத்தான் இருக்கிறது.

3. எல்லாம் அனுபவித்து முடித்துவிட்டு "மாயை" என்று சொல்வது வயிறு நிறைந்தவர் பேசும் தத்துவம்தானே?

வயிறு நிறைந்தவர் என்பதால்தான் அவர் பேச்சைக் கேட்க வேண்டியிருக்கிறது. இல்லாதவன் சொல்லியிருந்தால், "கிடைத்திருந்தால் இப்படிப் பேசுவானா?" என்று தள்ளியிருப்போம். நம்மில் பெரும்பாலோர் சந்தோஷத்தை 'அது கிடைத்த பிறகு' என்ற ஓர் ஊரில் குடிவைத்திருக்கிறோம். இவர் அந்த ஊருக்குப் போய்த் தங்கிப் பார்த்துவிட்டு வந்து தகவல் சொல்கிறார்.

'மாயை' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்க் காதுக்கு அது கண்கட்டு, உண்மையில் இல்லாத தோற்றம் என்று கேட்கும். எபிரெயத்தில் அது 'ஹெபெல்', அதாவது மூச்சு, ஆவி. ஆதியாகமத்தில் வரும் ஆபேலின் பெயரும் இதே சொல்தான். அவன் வாழ்க்கை எவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்று நமக்குத் தெரியும். குளிர்ந்த காலையில் வாயிலிருந்து வெண்மையாக வரும் ஆவி பொய்யல்ல, உள்ளங்கையில் வெதுவெதுப்பாகவே படும். கையை மூடினால் ஒன்றும் இருக்காது. பொருளே பொய் என்று பிரசங்கி சொன்னதாக எடுத்துக்கொண்டால் அவரைத் தவறாகப் படிக்கிறோம்.

4. பணம்தான் எல்லாத் தீமைக்கும் வேர் என்று பைபிளில் இருக்கிறதே?

இல்லை. "பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது" என்றுதான் இருக்கிறது (1 தீமோத்தேயு 6:10). பர்ஸ் காலியாக இருப்பவருக்கும் அந்த ஆசை முழுசாக இருக்கலாம். அதே வசனத்தின் பின்பாதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை: அதை இச்சித்தவர்கள் "அநேக வேதனைகளாலே தங்களை உருவக் குத்திக்கொண்டிருக்கிறார்கள்". கத்தி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

5. பணம் கூடக் கூட மகிழ்ச்சியும் கூடும் என்று ஆராய்ச்சி சொல்கிறதே! அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஆமாம், சொல்கிறது. நம் பிரசங்கங்களில் இதை அரைகுறையாகச் சொல்வதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். 2010-ல் டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்கர்களிடம் எடுத்த தரவுகளை வைத்து, ஆண்டுக்கு ஏறக்குறைய 75,000 டாலர் வருமானத்துக்கு மேல் அன்றாட மனநிலை உயர்வதில்லை என்றார்கள். இது பிரசங்க மேடைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 2021-ல் மேத்யூ கில்லிங்ஸ்வர்த் வேறு தரவுகளை வைத்து, அப்படி ஒரு உச்சவரம்பு தெரியவில்லை, உயர்ந்துகொண்டேதான் போகிறது என்றார். பிறகு கானமனும் கில்லிங்ஸ்வர்த்தும் பார்பரா மெல்லர்ஸ் என்பவரை நடுவில் வைத்துக்கொண்டு சேர்ந்து ஆராய்ந்து 2023-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் உயர்கிறது. ஏற்கெனவே மிகவும் துயரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஓர் அளவுக்கு மேல் பணம் உதவுவதில்லை. கருத்து மாறுபட்டவர்கள் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்தது எனக்குப் பிடித்திருந்தது. சபைகளுக்கும் இது தேவைப்படுகிறது.

ஆனால் அந்த உயர்வு எப்படிப்பட்டது என்று பாருங்கள். ஒரே அளவு உயர்வுக்கு ஒவ்வொரு முறையும் வருமானம் இரட்டிப்பாக வேண்டும். முதல் படிக்கு ஒன்று, அடுத்த படிக்கு இரண்டு, அதற்கடுத்த படிக்கு நான்கு, பிறகு எட்டு. "பணப்பிரியன் பணத்தினால் திருப்தியடைவதில்லை" (பிரசங்கி 5:10) என்பதற்கு இதைவிடத் தெளிவான வரைபடம் இருக்குமா தெரியவில்லை. தவிர, இந்த ஆய்வுகள் கேட்கும் கேள்வி இப்போது எப்படி உணர்கிறீர்கள் என்பது. பொருள் போகும் நாளிலும் உயிர் போகும் நேரத்திலும் எது நிற்கும் என்பது வேதத்தின் கேள்வி. முதல் கேள்விக்குச் சரியான பதில் சொன்ன ஆராய்ச்சியை இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை. அதற்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வதும் நியாயமில்லை.

6. அப்படியானால் சேமிப்பதே பாவமா? இயேசு சொன்ன கதையில் அந்த ஐசுவரியவான் என்ன தப்பு செய்தான்?

சேமிப்பு பாவமில்லை. யோசேப்பு எகிப்தில் ஏழு வருட விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்துத்தான் அடுத்த ஏழு வருடப் பஞ்சத்தில் ஜனங்களைக் காப்பாற்றினான். எறும்பைப் பார்த்துப் புத்தி படித்துக்கொள் என்று நீதிமொழிகள் சொல்கிறது. லூக்கா 12-ல் வருகிறவன் திருடவில்லை, யாரையும் ஏமாற்றவும் இல்லை. நிலம் நன்றாக விளைந்தது, அவ்வளவுதான். அவன் பேச்சைக் கவனியுங்கள்: "நான் என்ன செய்வேன்", "என் தானியங்கள்", "என் களஞ்சியங்கள்", "என் பொருள்கள்". கடைசியில் பேச ஆள் இல்லாமல் தன் ஆத்துமாவையே கூப்பிட்டு, "ஆத்துமாவே, உனக்காக அநேக வருஷங்களுக்கு அநேகம் பொருள்கள் சேர்த்துவைக்கப்பட்டிருக்கிறது" என்கிறான். கதையில் மனைவி இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் இல்லை, அந்த விளைச்சலை அறுத்த கூலியாள் இல்லை. யோசேப்பின் களஞ்சியம் ஜனங்களுக்காகத் திறந்தது, இவனுடையதற்குக் கதவு இருந்ததா என்றே தெரியவில்லை. இயேசு இந்தக் கதையை எப்போது சொன்னார் என்பதையும் மறக்க வேண்டாம். சொத்தைப் பாகம் பிரிக்கச் சொல்லி அண்ணன் தம்பிச் சண்டையை ஒருவன் அவரிடம் கொண்டுவந்த நேரம் அது.

அன்று இரவே உன் உயிர் எடுக்கப்படும் என்று சொல்லி, "நீ சேகரித்தவைகள் யாருடையதாகும்?" என்று தேவன் அவனைக் கேட்கிறார். அந்தக் கேள்வி எனக்குப் புரிந்தது ஓர் அலமாரிக்கு முன்னால். உறவினர் ஒருவர் இறந்த பிறகு அவருடைய அறையைக் காலி செய்ய உதவிக்குப் போயிருந்தேன். மேல் தட்டில் ஒரு சட்டை, கடையில் குத்திய குண்டூசிகளோடு, காலருக்கு அடியில் அட்டையோடு, மடிப்புக் கலையாமல் இருந்தது. மடிப்பு ஓடிய இடத்தில் துணி மஞ்சளாகியிருந்தது. அதற்கடியில் பெட்டியைவிட்டே எடுக்காத ஒரு கைக்கடிகாரம். உத்தரவாத அட்டை உள்ளேயே இருந்தது, முள் என்றைக்கோ நின்றிருந்தது. நல்ல நாளுக்கு என்று வைத்திருப்பார். 4-ம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயராக இருந்த பசிலியார் இந்த உவமையைப் பிரசங்கித்தபோது, நீ பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் உடை உடையில்லாதவனுடையது என்றார். அதுவரை அதைக் கொஞ்சம் மிகைப்படுத்திய பேச்சு என்று நினைத்திருந்தேன்.

7. பசியோடு இருப்பவரிடம் போய், பொருளில் சந்தோஷம் இல்லை என்று சொல்லலாமா?

கூடாது. உடுக்கவும் உண்ணவும் இல்லாதவரைப் பார்த்து, வேண்டியதைக் கொடுக்காமல், "நீங்கள் சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொன்னால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு கேட்கிறார் (2:16). அவருக்கு நம்மைப் போன்றவர்களை அப்போதே தெரிந்திருக்கிறது.

ஆகூரின் ஜெபம் ஒன்று உண்டு: "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக. என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" (நீதிமொழிகள் 30:8). நிறைந்தால் கர்த்தர் யார் என்று கேட்டுவிடுவேன், இல்லாவிட்டால் திருடிவிடுவேன் என்று இரண்டு பக்கத்தையும் பயந்து ஜெபிக்கிறார். வறுமை மனிதனை உயர்த்தும் என்று அவர் கற்பனை செய்யவில்லை. இந்தப் பக்கம் முழுவதும், தேவைக்கு மேல் இருந்தும் இன்னும் வேண்டும் என்று அலைகிற என்னைப் போன்றவர்களுக்கு எழுதியது. வாடகைக்குப் பணமில்லாமல் தவிப்பவருக்கு வேண்டியது வாடகைப் பணம்.

8. இயேசு அந்தப் பணக்கார வாலிபனிடம் எல்லாவற்றையும் விற்கச் சொன்னாரே. நானும் விற்க வேண்டுமா?

அவர் எல்லாரிடமும் அப்படிச் சொல்லவில்லை. சகேயு தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். "மீதிப் பாதி எங்கே?" என்று இயேசு கேட்கவில்லை. யோவன்னாள், சூசன்னாள் போன்ற பெண்கள் தங்கள் ஆஸ்தியால் அவருக்கு ஊழியஞ்செய்தார்கள் (லூக்கா 8:3). கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர்களால் அதைச் செய்திருக்க முடியாது.

வேறு சிலருக்கு அந்த வார்த்தை நேராகவே வந்து தைத்தது. 3-ம் நூற்றாண்டில் எகிப்தில் அந்தோனி என்ற இளைஞர், ஆலயத்தில் இந்தப் பகுதி வாசிக்கப்படுவதைக் கேட்டுவிட்டுப் போய்த் தன் நிலத்தைக் கொடுத்துவிட்டார். துணி வியாபாரியின் மகனான அசிசியின் பிரான்சிஸ், பேராயர் முன்னிலையில் உடுத்திய துணியையே கழற்றித் தந்தையிடம் கொடுத்தார். ஆக, "எனக்குச் சொல்லவில்லை, நல்லவேளை" என்று மூச்சு விடுவதற்கு முன்னால் கொஞ்சம் நிதானிக்கலாம். இந்தக் கேள்வியைக் கேட்கும்போது யாருக்கு வயிற்றைப் பிசைகிறதோ அவருக்கு அங்கே ஏதோ இருக்கிறது. எனக்குப் பிசைகிறது.

இந்தச் சம்பவத்தில் இரண்டு வார்த்தைகள் முக்கியம். இயேசு அவனைப் பார்த்து, "அவனிடத்தில் அன்புகூர்ந்து" அப்படிச் சொன்னார் (மாற்கு 10:21). அவன் "துக்கத்தோடே" போய்விட்டான். கையில் இருந்த எல்லாம் அப்படியே கையில் இருந்தது. ஒன்றும் குறையாமல் துக்கத்தோடு போன மனிதன் அவன்.

9. ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்துக்குள் போவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்றாரே இயேசு. அந்த ஊசியின் காது என்பது எருசலேமில் இருந்த ஒரு சிறிய வாசலின் பெயராமே? ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டுக் குனிந்து போகலாமாமே?

கேட்க நன்றாக இருக்கும் விளக்கம். முதல் நூற்றாண்டில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்று கிடையாது. குனிந்தால் போய்விடலாம் என்றால், சீஷர்கள் ஏன் ஆச்சரியப்பட்டு "யார் இரட்சிக்கப்படக்கூடும்" என்று கேட்டார்கள்? "மனுஷரால் இது கூடாததுதான், தேவனால் இது கூடாததல்ல" என்பதே இயேசுவின் பதில். ஊசி ஊசிதான், ஒட்டகம் ஒட்டகம்தான்.

10. ஆபிரகாம், யோபு எல்லாரையும் தேவன் செல்வத்தால்தானே ஆசீர்வதித்தார்? செல்வம் இல்லை என்றால் விசுவாசம் குறைவு என்று எங்கள் ஊழியர் சொல்கிறாரே?

செல்வம் ஆசீர்வாதமாக வரலாம், வேதத்தில் அப்படி வந்திருக்கிறது. அதை விசுவாசத்தின் அளவுகோலாக்குவதுதான் கோளாறு. யோபுவின் கதையே அந்த அளவுகோலை உடைக்கத்தான் எழுதப்பட்டது. உனக்கு இவ்வளவு இழப்பு வந்தால் உன்னிடம் ஏதோ குற்றம் இருக்க வேண்டும் என்று வாதாடியவர்கள் அவனுடைய நண்பர்கள். கடைசியில் தேவன் அவர்கள்மேல்தான் கோபப்பட்டார். கடைசி அதிகாரத்தில் யோபுவுக்கு இரட்டிப்பாகக் கிடைத்ததை மட்டும் பிரசங்கித்து, நடுவில் உள்ள முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட அதிகாரங்களை விட்டுவிடுகிறோம்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் இரண்டு சபைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சிமிர்னா தரித்திரமுள்ள சபை, அதைப் பார்த்து "நீ ஐசுவரியமுள்ளவன்" என்கிறார் ஆண்டவர். லவோதிக்கேயா பணக்கார ஊர். கி.பி. 60-ல் நிலநடுக்கத்தில் இடிந்தபோது ரோம அரசின் உதவி இல்லாமல் சொந்தச் செல்வத்திலேயே எழுந்து நின்ற ஊர் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். அந்த ஊரின் சபைதான் "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று சொல்லிக்கொண்டு, ஆண்டவரைக் கதவுக்கு வெளியே நின்று தட்ட வைத்தது (3:17, 20). உங்கள் ஊழியரிடம் மரியாதையாகவே கேளுங்கள்: இந்த இரண்டில் எந்தச் சபைக்கு விசுவாசம் குறைவு?

11. தேவனே வேண்டாம் என்று இருப்பவர்கள் வசதியாக, சந்தோஷமாகத்தானே இருக்கிறார்கள்?

பலர் இருக்கிறார்கள். "உள்ளுக்குள் அழுதுகொண்டிருப்பார்கள்" என்று நாம் சொல்லிக்கொள்வது நமக்கு நாமே தடவும் மருந்து. சங்கீதம் எழுதிய ஆசாப் அந்த மருந்தைத் தேடவில்லை. அவர்களைப் பார்த்துப் பொறாமை கொண்டேன் என்று 73-ம் சங்கீதத்தில் நேராக ஒப்புக்கொள்கிறார், என் கால்கள் தள்ளாடப் பார்த்தன என்கிறார். தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குப் போன பிறகு அவர் பார்வை முடிவை நோக்கித் திரும்புகிறது. "பூலோகத்தில் உம்மைத் தவிர எனக்கு வேறே விருப்பமில்லை" என்று கடைசியில் சொல்லும்போது, அவருடைய பொருளாதார நிலைமை மாறியதாக ஒரு வரிகூட இல்லை. அந்தச் சங்கீதத்தில் மாறியது அவர் ஆசைப்பட்டது மட்டும்தான்.

12. நான் விசுவாசிதான், தினமும் ஜெபிக்கிறேன். எனக்கே நிலையான சந்தோஷம் இல்லையே?

இந்தக் கேள்வியை யாரும் கூட்டத்தில் கேட்பதில்லை, தனியாக வந்துதான் கேட்கிறார்கள். கிறிஸ்தவ சந்தோஷம் என்றால் எப்போதும் சிரித்த முகம் என்று நாமே ஒரு தவறான படத்தை மாட்டி வைத்திருக்கிறோம். பவுல் தங்களைப் பற்றிச் சொல்வது "துக்கப்படுகிறவர்கள் என்னப்பட்டாலும் எப்பொழுதும் சந்தோஷப்படுகிறவர்கள்" (2 கொரிந்தியர் 6:10). இரண்டும் ஒரே ஆளுக்குள், ஒரே நேரத்தில். இறந்துபோன லாசருவின் கல்லறைக்குப் போகும் முன் இயேசு கண்ணீர் விட்டார். அழுகை அவிசுவாசம் இல்லை. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அதைப் பாவமாக்குகிறவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு, இது என் அனுபவம். சில வருடங்கள் நான் தேவனையே ஒரு பொருளாக வைத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் விரும்பியது எல்லாம் சரியாக நடக்க உதவுகிற ஒன்று. 2-ம் கேள்வியில் சொன்ன பள்ளம் அப்படியே இருந்தது. அதற்குள் போட ஜெபத்தையும் சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவர் கொடுப்பதை விட்டுவிட்டு அவரையே விரும்புவதற்குப் பல வருடம் ஆகிறது. இன்னும் நான் முழுசாக அங்கே போய்ச் சேரவில்லை.

13. போதும் என்ற மனம் இருந்தால் அப்புறம் எப்படி முன்னேறுவது?

"போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்று சொல்லி வளர்ந்த நமக்கே இந்தச் சந்தேகம் வருகிறது! மனரம்மியம், அதாவது உள்ளதே போதும் என்ற நிறைவு, சோம்பல் அல்ல. "எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" (பிலிப்பியர் 4:11) என்று எழுதிய பவுல் ஓய்ந்து உட்கார்ந்தவர் இல்லை; கூடாரத் தொழில் செய்துகொண்டே ஊர் ஊராகப் போனவர். உழைக்கலாம், படிக்கலாம், பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கலாம். கிடைக்காவிட்டால் நான் யார் என்பது குலைந்துபோகுமா என்பதுதான் விஷயம்.

அந்த வசனத்தில் வரும் கிரேக்கச் சொல் 'அவுத்தார்க்கேஸ்'. தனக்குத் தானே போதுமானவன் என்று ஸ்தோயிக்க தத்துவவாதிகள் பெருமையாகப் பயன்படுத்திய சொல். பவுல் சொல்லை எடுத்துக்கொண்டு, இரண்டு வசனம் தள்ளி அதன் அடித்தளத்தை மாற்றிவிடுகிறார்: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு". இந்த வசனத்தைப் பரீட்சைக்கும் போட்டிக்கும் எழுதி ஒட்டுகிறோம். அது காவலில் இருந்த ஒருவர், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் தெரியும் என்று சொன்ன பேச்சின் தொடர்ச்சி.

14. நல்ல பொருள் ஒன்று வாங்கினாலே எனக்குக் குற்ற உணர்ச்சி வருகிறது. எதையும் அனுபவிக்கவே கூடாதா?

அனுபவியுங்கள். ஐசுவரியவான்களை எச்சரிக்கும் அதே வசனத்தில், தேவன் "நாம் அநுபவிக்கிறதற்குச் சகலவித நன்மைகளையும்" கொடுக்கிறவர் என்று இருக்கிறது (1 தீமோத்தேயு 6:17). உங்களுக்குப் பிடித்த ஒருவர் பரிசாகக் கொடுத்த பேனாவை நினைத்துப்பாருங்கள். கீறல் விழுந்தாலும் அது பழசாவதில்லை. எழுதும்போதெல்லாம் கொடுத்தவர் நினைவு வருகிறது. கொடுத்தவரை மறந்துவிட்டால் அது வெறும் பேனா. 1-ம் கேள்வியின் ஃபோன் கதைதான் அதற்கும்.

15. எனக்குப் பொருளாசை இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இருக்கிறது என்று வைத்துக்கொண்டே தொடங்குவது நல்லது. யாருக்கும் தன்னிடம் அது இருப்பதாகத் தெரிவதில்லை. மற்ற எல்லாப் பாவங்களையும் என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள், "எனக்குப் பொருளாசை" என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

"உங்கள் பொக்கிஷம் எங்கேயிருக்கிறதோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும்" (மத்தேயு 6:21). இதில் வரிசையைக் கவனிக்க வேண்டும். பொக்கிஷம் முதலில் போகிறது, இருதயம் அதன் பின்னால் போகிறது. மனம் மாறட்டும், பிறகு கொடுக்கலாம் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருப்போம். வருமானம் உயரும்போது செலவு எங்கே போகிறது என்பது இன்னொரு அடையாளம். 18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் போதகர் ஜான் வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் ஒருவரைப் பற்றிச் சொன்னார். ஆண்டுக்கு 30 பவுண்டு வந்தபோது அவர் 28-ல் வாழ்ந்து 2-ஐக் கொடுத்தார். வருமானம் 60, 90, 120 என்று ஏறியபோதும் 28-லேயே வாழ்ந்து மிச்சத்தைக் கொடுத்தார். அந்த 'ஒருவர்' வெஸ்லியேதான் என்று பலரும் கருதுகிறார்கள். என் கணக்குப் புத்தகத்தில் இரண்டாவது வருடமே 28 என்பது 55 ஆகியிருக்கும்.

16. கொடுத்தால் சந்தோஷம் வரும் என்றார்கள். கொடுத்தேன், எரிச்சல்தான் வந்தது. ஏன்?

சந்தோஷத்தை விலைக்கு வாங்கக் கொடுத்திருப்பீர்கள். அதுவும் ஒரு வகை ஷாப்பிங்தான். அல்லது யாரோ வற்புறுத்தியிருப்பார்கள். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" கொடுக்க வேண்டும் என்கிறார் பவுல் (2 கொரிந்தியர் 9:7). அப்புறம், கொடுத்த பொருள் என்ன ஆனது, வாங்கியவர் நன்றி சொன்னாரா என்று பின்னாலேயே போய்ப் பார்த்திருந்தால், அதை இன்னும் முழுசாகக் கொடுக்கவில்லை.

எனக்கும் எரிச்சல் வந்திருக்கிறது. 6-ம் கேள்வியில் சொன்ன அந்தச் சட்டையைக் குடும்பத்தார் என்னிடம் கொடுத்தார்கள். என் அளவுதான், எனக்குப் பிடித்த நீலம். அதே மதியம், அலமாரியைக் கீழே இறக்க வந்திருந்த பையனின் சட்டை ஆணியில் மாட்டி முதுகுப் பக்கம் நீளமாகக் கிழிந்துபோனது. நான் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகு அதை எடுத்து நீட்டினேன். குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி உள்ளங்கையில் சேர்த்து என்னிடமே திருப்பிக் கொடுத்தான். மஞ்சள் மடிப்பை அவன் பார்த்ததாகவே தெரியவில்லை. கை கொஞ்சம் நீளமாக இருந்தது, இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு அலமாரியின் மறுமுனையைத் தூக்கப் போனான்.